உன் மாத்திரையை நாங்கள் பங்கு வைத்தோம்

என் மகனே,

போன ஞாயிறு பூசை முடிந்து மெர்லின் வீட்டார் வந்து போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கால்தான் வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு உன் அம்மா இரண்டு வேளை கஞ்சி வைத்துக் கொடுத்தாள். காரணம் கால் அல்ல. அன்று பெண்ணின் தாய்மாமா கேட்டாரே, "கோயில்ல பொண்ணு மாப்பிள்ளைக்கு எடப்பக்கம் நிக்கிறதுதான வழக்கம், நீங்க ஏன் மாத்திக் கேட்டிருக்கிய?" என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எனக்கு எடது காது கேக்காது மாமா. அவ சொல்லுத கல்யாண வார்த்தைப்பாடு எனக்குக் கேக்கணும்லா. சின்னதுல அம்மா சொல்லச் சொல்லக் கேக்காம கடல்ல போயி குளிச்சேன், காதுல சீழ் பிடிச்சுட்டு. என் தப்புதான்." அவர், "அந்த வயசுல யாரு தம்பி சொன்ன பேச்சைக் கேப்பா" என்று உன் முதுகில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மூலையில் காலை முக்காலிமேல் நீட்டி வைத்துக்கொண்டு, வாயில் போட்ட முறுக்கை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் தப்பு இல்லை மகனே. என் தப்பு. இருபது வருஷமாக அதை உன் தலையில் ஏற்றிவிட்டு நான் கைவீசி நடந்திருக்கிறேன். இதை நேரில் சொல்ல நாலு நாள் பார்த்தேன். நேரில் சொல்வதென்றால் உன் வலது பக்கமாக வந்து உட்கார வேண்டும். ஏன் வலது பக்கம் என்பதுதான் நான் சொல்ல வேண்டிய சங்கதியே. பக்கத்தில் வந்து உட்காருவேன், "மழை வரும் போலிருக்கே" என்பேன், எழுந்து போய்விடுவேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "எழுதிக் குடுங்க. வாயால சொன்னா பாதியை முழுங்கிருவீங்க" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும். பத்தாவது வரை படித்தவன், பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவன், எழுதத் தெரியாது என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. நீ மெர்லினுக்கு வாக்குக் கொடுக்கப் போகிறாய். ஒரு பொய்யை உன்மேல் போர்த்தி உன்னை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நான் சங்கு குளித்த காலத்தில் எங்கள் வள்ளத்தில் ஆறு பேர். வள்ளத்துக்கு வந்தது எதுவும் ஒருத்தனுக்கென்று கிடையாது. ஒரு பீடி பற்ற வைத்தால் ஆறு வாய்க்கும் போகும். உன் அம்மா எனக்கென்று பொரித்து வைத்த முட்டையை ஆறாகப் பிய்த்துத்தான் தின்றிருக்கிறோம். 'தனியாத் தின்னவன் தனியா முங்கட்டும்' என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. கடலுக்கடியில் நீ சங்கைத் துழாவிக்கொண்டிருக்கும்போது உன் கயிறு மேலே ஒருத்தன் கையில் இருக்கும். அவனிடம் போய் முட்டைக்குக் கணக்குப் பார்ப்பாயா? அந்தப் பங்கு முறையில் எனக்கு அவ்வளவு பெருமை. இன்றைக்கும் அதைக் கெட்ட வழக்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் மருந்தையும் நாங்கள் அப்படியே பங்கு வைத்தோம். குளிக்கிறவன் எல்லாருக்கும் காது ஒழுகும். எவன் வீட்டிலாவது காய்ச்சலுக்கோ புண்ணுக்கோ வாங்கிய கேப்சூல் மிச்சம் இருந்தால் அது வள்ளத்துக்கு வந்துவிடும். ஆளுக்கு இரண்டு. ஒன்றை விழுங்குவோம். இன்னொன்றைப் பிரித்து, உள்ளே இருக்கிற பொடியைக் காகிதத்தில் சுருட்டி ஒருத்தன் காதில் இன்னொருத்தன் ஊதிவிடுவோம். அது வைத்தியம் என்று நினைத்தோம். மடையர்கள்.

உனக்கு ஒன்பது வயது. காதுவலியும் காய்ச்சலுமாகச் சுருண்டு கிடந்தாய். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டுக் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். "காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது, பத்து நாளும் குடுக்கணும்" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாராம். அவள் அந்த அட்டையை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்து, செபம் சொல்லி முடித்ததும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கட்டிலிலிருந்து குதித்து, குசினிக்குள் போய்ச் சீனி டப்பாவைத் திறந்து அடி வாங்கினாய். வீடே நிம்மதியானது.

மறுநாள் விடிந்த நேரம் மிக்கேல் வாசலில் வந்து நின்றான். என் கயிற்றைப் பிடிக்கிற மிக்கேல். காதில் லேஞ்சுத் துணியைப் பொத்திக்கொண்டு கண்ணெல்லாம் சிவந்து கிடந்தான். "எலே, உசுரு போவுதுல. இன்னைக்கி முங்க முடியாது போல" என்றான். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்த நாட்கள் அவை. மருந்துக்கடை திறக்க ஒன்பது மணியாகும், வள்ளம் ஆறு மணிக்கே போய்விடும். நான் உள்ளே வந்தேன். மாதா முன்னால் உன் அட்டை இருந்தது. நீ முற்றத்தில் கோலி உருட்டிக்கொண்டிருந்தாய். இவனுக்குத்தான் சரியாகிவிட்டதே என்று நினைத்தேன். அட்டையை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு போனேன். மிக்கேலுக்கு மட்டும் கொடுப்பதாகத்தான் எண்ணம். வள்ளத்தில் ஏறி அட்டையைப் பிரித்ததும், "ஏய், எனக்கும் ரெண்டு நாளா ஒழுகுதுல்லா" என்று ஒருத்தன் கை நீட்டினான். அப்புறம் இன்னொருத்தன். பங்கு என்று வந்துவிட்டால் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு வைத்தேன். என் பங்கு இரண்டையும் நானே எடுத்துக்கொண்டேன். அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் உன் அம்மா வாசலிலேயே நின்றாள். "அந்த அட்டை எங்க?" என்றாள். "மிக்கேலுக்குக் காதுவலி, குடுத்தேன். பயலுக்குத்தான் காய்ச்சல் விட்டுட்டுல்லா ஏளா." "டாக்டர் பத்து நாளும் குடுக்கச் சொன்னாரு." "டாக்டருக்கென்ன, சொல்லுவாரு. நாளைக்கி வேற வாங்கியாறேன்." வாங்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிவந்தேன். மறக்கவில்லை மகனே. மறுநாள் மருந்துக்கடை வழியாகத்தான் வந்தேன். நீ தெருவில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், இவனுக்கு எதற்கு இனி மருந்து என்று நேராக வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் கழித்து உன் கூட்டாளிகளோடு நீ கடலில் போய்க் குளித்தது நிஜம். அதன் பிறகு காது மறுபடி ஒழுகியதும் நிஜம். ஆனால் அது ஒழுகுவதற்கு வேண்டியதை நான் முன்னாலேயே செய்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அந்தக் காதோடு பட்ட பாடு உனக்கே தெரியும். ஒழுகும்போதெல்லாம் கடையில் போய், "காதுக்கு ஏதாச்சும் குடுங்க அண்ணாச்சி" என்று நான் வாங்கி வருவேன். மூன்று நாள் கொடுப்போம், நிற்கும், நிறுத்துவோம். ஒரு நாள் காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீழை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு அந்தப் பெரிய டாக்டர், சாதாரண மருந்து எதற்கும் இந்தக் கிருமி அசையாது, எலும்பு வரைக்கும் போய்விட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார். உன் அம்மாவைப் பார்த்து, "மாத்திரையை ஒழுங்கா முடிக்காம விட்டீங்களா?" என்று அதட்டினார். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா டாக்டர்" என்றாள். அப்போது கட்டிலில் படுத்திருந்த நீ அழுதுகொண்டே, "நான் கடல்ல குளிச்சேன்" என்றாய். எனக்காக அவளும், அவளுக்காக நீயும் பேசிவிட்டீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொன்னா கேக்க மாட்டான் டாக்டர்" என்றேன். பதினோரு வயதுப் பிள்ளை. அறுக்கப் போகிற பிள்ளை. அந்த வார்த்தையைச் சொன்ன வாயால்தான் நான் இன்றைக்கும் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறேன்.

கப்பலில் போக வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். மருத்துவச் சோதனையில் காதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல், "பரவாயில்லப்பா, என் கோளாறுதான்" என்று என்னை நீ தேற்றினாய். நான் தேறிக்கொண்டேன். அதுதான் அசிங்கம். இன்றைக்குக் கப்பல்களின் காகிதங்களைப் பார்க்கிற வேலையில் நீ நன்றாகத்தான் இருக்கிறாய். ஆனாலும் துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதும்போது நீ வலது காதைத் திருப்பிக் கேட்பாய் பார், அப்போதெல்லாம் நான் வேறு எங்காவது பார்ப்பேன்.

கர்த்தர் கணக்கு வைத்தாரோ என்னமோ, மருந்துக்கு அசையாத அதே சீக்கு என் காலுக்கு வந்தது. நான் சங்கு தரம் பிரிக்கிற கிட்டங்கியில் உடைந்த சங்கு ஓடு ஒன்று குத்தியது. சுகர் உடம்பு, ஆறவில்லை. ஆறு மாதத்தில் எத்தனை ஊசி, எத்தனை வகை மாத்திரை. கடைசியாகப் போட்ட ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. தை மாதம் உன் கல்யாணம். நீ ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. மெர்லினிடம் பேசிவிட்டு, தவக்காலம் கழிந்து ஈஸ்டருக்குப் பிறகு என்று தள்ளி வைத்தாய். "எங்கப்பா ரெண்டு கால்ல கோயிலுக்கு வரணும்" என்று சொன்னாயாம். அதை அம்மா சொல்லிக் கேட்டபோது, அந்தக் காலை வெட்டி எறிந்தால் தேவலை என்றுதான் எனக்கு இருந்தது.

அந்தச் சின்ன டாக்டரம்மா பேசியது உனக்கு நினைவிருக்கும். நீ பக்கத்தில்தான் நின்றாய். "கிருமிக்கும் எதிரி உண்டு ஐயா. பேஜ்னு ஒரு வைரஸ். மண்ணுல, ஆத்துல, சாக்கடையில எல்லாம் இருக்கு. அது மனுஷனோட உடம்புச் செல்லைத் தொடாது. தனக்கு ஏத்த பாக்டீரியாவுக்குள்ள புகுந்து, உள்ளயே பெருகி, அதை உடைச்சிட்டு வெளிய வரும்" என்றார். இது கடையில் விற்கிற மருந்து அல்ல, வேறு வழியில்லாதவர்களுக்குத் தனியாக அனுமதி வாங்கித்தான் கொடுக்கிறார்கள், பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நீ அனுமதிக்கு அலைந்தாய், கையெழுத்துக்கு அலைந்தாய், லீவெல்லாம் அதிலேயே தீர்ந்தது. என் சீழை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பி, அவர்கள் சேர்த்து வைத்திருந்த பேஜ்களை ஒவ்வொன்றாக அதன்மேல் விட்டுப் பார்த்தார்கள். முதல் இரண்டும் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது பிடித்துக்கொண்டது. எங்கிருந்து எடுத்தது என்று கேட்டேன். ஏதோ ஒரு ஊர்ச் சாக்கடைத் தண்ணீரிலிருந்தாம். அத்தனை ஊசி தோற்ற இடத்தில் சாக்கடை ஜெயித்தது என்று வார்டு பூராவும் சொல்லிச் சிரித்தேன்.

அதைப் புண்ணில் விட்டார்கள். கூடவே பழைய மருந்து ஒன்றையும் கொடுத்தார்கள். முன்பு என் புண்ணுக்குக் கேட்காமல் போன மருந்து. பேஜுக்குத் தப்பிக்கப் பார்க்கிற கிருமி சில சமயம் தன் பழைய பலத்தை விட்டுவிடுமாம், அப்போது தோற்ற மருந்தும் வேலை செய்யுமாம். இரண்டு விரல் போயிற்று, கால் நின்றது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது மிக்கேல் என்னைப் பார்க்க வந்தான். நீ அன்று ஊரில் இல்லை. அவனுக்கும் பெருவிரலில் ஒரு புண், துணி சுற்றியிருந்தான். புண்ணில் மருந்து விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "எலே, அந்தத் தண்ணியில எனக்கும் ரெண்டு சொட்டு விடச் சொல்லேம்ல" என்றான். பழைய பழக்கம், என் கை தானாக நீண்டது. டாக்டரம்மா தடுத்துவிட்டார். "ஐயா, இது இவரு கால்ல இருக்கிற கிருமியை மட்டும்தான் தேடிப் பிடிக்கும். உங்க புண்ணுல வேற கிருமியா இருந்தா உங்களுக்குன்னு தனியாத் தேடணும். நாளைக்கி வாங்க, சோதிச்சுப் பாப்போம்" என்றார். மிக்கேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட மக்கா, பங்கு வைக்க முடியாத மருந்தும் உலகத்துல உண்டா!" என்றான்.

போகும்போது அவன் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "அன்னைக்கி ஒருநா காதுவலிக்கி நீ மாத்திரை கொண்டாந்து குடுத்தியே, அதை நான் மறக்கலலே. இன்னைக்கும் செபத்துல உன் பேரைச் சொல்லுதேன்" என்றான். அவனுக்கும் அன்று வலித்த காது இப்போது சரியாகக் கேட்காது. இரண்டு கேப்சூலில் என்ன ஆகும்? நாலைந்து மாதத்தில் அவனுக்கும் திரும்ப வந்ததுதான். அது யாருடைய மாத்திரை என்று நான் அவனிடம் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அவன் போன பிறகு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பாதியில விட்டதாலதான் காது போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது ஐயா. முழுசாக் குடுத்திருந்தாலும் சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக் குடுத்து நிறுத்தினா சொங்கிக் கிருமி சாகும், முரட்டுக் கிருமி தங்கும். அது பெருகி அடுத்த ஆளுக்கும் போகும்" என்றார். ஆறு பேருக்கும் பங்கு வைத்தேனே, அதில் பெரிய பங்கு கிருமிக்குத்தான் போயிருக்கிறது. அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன முதல் பாதியையும் உனக்கு எழுதிவிட்டேன், மறைத்தேன் என்று இருக்க வேண்டாம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்கப் போவதில்லை. காது எதனால் போனதோ ஆண்டவருக்குத் தெரியும். 'சொன்னா கேக்க மாட்டான்' என்றது யார் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் அப்பன் மகனுக்குப் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி எவ்வளவு இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மெர்லின் உனக்காக யாரிடமாவது தலைகுனிந்து ஏச்சு வாங்குகிற நிலைமை வந்தால், நீ அங்கேயே வாயைத் திற. நான் அன்று திறக்கவில்லை, உன் அம்மா அதற்காக இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் வீட்டில் சோறு, துணி, உழைப்பு எதையும் கேட்டவனுக்குக் கொடு, அது நம் வள்ளத்துச் சொத்து. ஆனால் நாளைக்கு உன் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே. போங்கப்பா வெளியே என்று விரட்டிவிடு. கேட்கிறவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. மிக்கேலை நான் அப்படித்தான் மறுநாள் வரவழைத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன், அவன் புண்ணுக்குச் சாதாரண மருந்தே போதும் என்றார்கள். முழுவதையும் தின்று முடிக்கும்வரை தினமும் அவனுக்குப் போன் போட்டுக் கெட்ட வார்த்தையில் விசாரித்தேன்.

எனக்கு இன்னும் பதினொரு நாள் மாத்திரை இருக்கிறது. உன் அம்மா அதே மாதா சுரூபத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறாள். ஒன்றும் குறையாது. நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தைக் குளியாளிகள் சங்க அறையில் ஒட்டச் சொல்லப் போகிறேன், மற்ற வள்ளத்துக்காரனும் படிக்கட்டும். மிக்கேலும் படிக்கட்டும். மெர்லின் மாமாவிடம் உண்மையை நானே போய்ச் சொல்கிறேன், அந்த வேலை உனக்கு வேண்டாம்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். மன்னித்துவிடு என்று எழுதத் தோன்றியது, எழுதி அடித்துவிட்டேன், மேலே தெரியும் பார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோயிலில் மெர்லின் உன் வலது பக்கம் நிற்பாள். இடது பக்கம் வெறுமையாக இருக்கும். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னாலும் உனக்குக் கேட்காது, அதனால் அங்கே நிற்க வேண்டியவன் நான்தான். ரொம்ப நேரம் நிற்க இந்தக் கால் தாங்காது என்று எனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறாயாம். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம், வாயாலும் சொல்ல வேண்டாம். அன்று காலையில் கோயிலுக்குள் வந்து, அந்த நாற்காலி எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். உன் இடது பக்கத்தில் கிடந்தாலும் சரி, கடைசி வரிசையில் கிடந்தாலும் சரி, அங்கே போய் உட்காருவேன்.

அப்பா